கேமரா ஃபிரேமும் மைக் சாம்பிளும் ஒரே எம்பி4 கோப்பில்: நேரம் ஆக ஆக ஒலி விலகுகிறது

மத்தளம்

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஊர்ப் பக்கம் விடிய விடிய நடக்கும் தெருக்கூத்தைப் பதிவு செய்ய ஒரு நிரல் எழுதி வருகிறேன். லினக்ஸ் மினி பிசி, ஒரு யுஎஸ்பி கேமரா, இரண்டு மைக் செருகிய யுஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ், இவ்வளவுதான் கருவிகள். சி++ மொழியில் எஃப்எஃப்எம்பெக் என்ற கட்டற்ற வீடியோ மென்பொருளின் லைப்ரரிகளை நேரடியாக அழைக்கிறேன். ரெடிமேட் மென்பொருள் போதாதா என்று கேட்பீர்கள். கட்டியக்காரன் நுழையும் இடம், வேடம் மாறும் இடம் எல்லாவற்றையும் களத்திலேயே பொத்தான் அழுத்திக் குறித்து, அந்தக் கோப்பிலேயே அத்தியாயங்களாகச் சேர்க்க வேண்டும். அதற்காகத்தான் சொந்தமாக எழுதுகிறேன்.

படம் 1280×720, நொடிக்கு 30 ஃபிரேம், எச்.264. ஒலி 48,000 ஹெர்ட்ஸ் ஸ்டீரியோ, ஏஏசி.

வீட்டில் பகலில் சோதித்தால் எல்லாம் பொருந்துகிறது. இரவில் களத்தில் எடுத்தால் விலகுகிறது. முதல் சில நிமிடங்களிலேயே தாளம் போடுபவரின் கை மோதிய பிறகுதான் சத்தம் வருகிறது. போகப் போக மோசம். ஒரு மணி நேரக் கோப்பில் ஒலித்தடம் 60 நிமிடம், படத்தடம் 47 நிமிடம். ஃபிரேம்களுக்கு பிடிஎஸ் (எப்போது காட்ட வேண்டும் என்ற நேர எண்) போடுவது இப்படி: முதல் ஃபிரேமுக்கு 0, அடுத்ததற்கு 1, அதற்கடுத்து 2. டைம்பேஸ், அதாவது அந்த எண்ணின் ஓர் அலகு எத்தனை நொடி என்பது, 1/30. ஒலிக்கு எழுதிய சாம்பிள்களின் எண்ணிக்கையே பிடிஎஸ், டைம்பேஸ் 1/48000. எங்கே பார்க்க வேண்டும்?

கண்டெய்னர்காரர்

உங்கள் எண்களிலேயே விடை இருக்கிறது. 47 நிமிடம் × 60 × 30 = 84,600 ஃபிரேம். இவை வந்துசேர எடுத்த உண்மையான நேரம் 3,600 நொடி. அப்படியென்றால் கேமரா நொடிக்குச் சராசரியாக 23.5 ஃபிரேம்தான் கொடுத்திருக்கிறது.

பகலில் பொருந்தி இரவில் விலகுவதற்கும் இதுதான் காரணம். யுஎஸ்பி கேமராக்களில் பெரும்பாலானவை வெளிச்சம் குறைந்தால் எக்ஸ்போஷரை நீட்டும். ஒரு ஃபிரேமுக்கு 33 மில்லிசெகண்டுக்கு மேல் ஷட்டர் திறந்திருந்தால் நொடிக்கு 30 எப்படி வரும்? தானாகவே 20, 15 என்று இறங்கிவிடும். நீங்கள் கேட்டது 30, அது ஒப்புக்கொண்டதும் 30, ஆனால் தருவது வேறு.

நீங்கள் 0, 1, 2 என்று எண் போடும்போது கோப்பில் என்ன எழுதுகிறீர்கள் தெரியுமா? 'ஒவ்வொரு ஃபிரேமும் சரியாக முப்பதில் ஒரு நொடி நின்றது' என்று. கோப்புக்கு வேறு எதுவும் தெரியாது. பிளேயரும் அதை நம்பித்தான் ஓட்டும். எத்தனையாவது ஃபிரேம் என்பதை விட்டுவிட்டு எப்போது எடுத்தது என்பதைப் பாருங்கள். லினக்ஸின் கேமரா இடைமுகமான வி4எல்2 தரும் ஒவ்வொரு பஃபரிலும் நேரமுத்திரை சேர்ந்தே வருகிறது. யுஎஸ்பி கேமரா டிரைவர் மோனோடோனிக் கடிகாரத்தில் (பின்னால் போகாமல் ஏறிக்கொண்டே இருக்கும் கணினிக் கடிகாரம்) அதைப் போட்டுத் தருகிறது. முதல் ஃபிரேமின் முத்திரையைக் கழித்துவிட்டு மிச்சத்தை பிடிஎஸ் ஆக்குங்கள். பஃபர் உங்கள் கைக்கு வந்த பிறகு நீங்களாகவே கடிகாரத்தைப் பார்த்து எழுத வேண்டாம். சிபியு திணறும் நேரத்தில் அந்தக் கணக்கு தப்பாகப் போகும்.

பாதரசம்

இவ்வளவு சிரமம் எதற்கு? ஃபிரேம்களைப் பச்சையாக (சுருக்காமல்) பைப் வழியே எஃப்எஃப்எம்பெக் கட்டளைக்கு அனுப்பிவிடலாமே? நான் ஓபன்சிவி என்ற படச்செயலாக்க லைப்ரரியில் எழுதும் எல்லாவற்றையும் அப்படித்தான் செய்கிறேன். பத்து வரியில் முடிந்துவிடும்.

கண்டெய்னர்காரர்

நீங்களே வரைந்து உருவாக்கும் படங்களுக்கு அது நல்ல வழி, குறை சொல்லவே மாட்டேன். அங்கே நொடிக்கு எத்தனை என்று முடிவு செய்வது நீங்கள்தான். நேரடிக் கேமராவுக்கு ஒத்துவராது. பச்சை வீடியோ பைப்பில் பிக்சல் மட்டுமே போகும், நேரம் போகாது. அந்தப் பக்கம் 'நொடிக்கு 30' என்று சொல்லி வாங்குகிறீர்கள், ஆக மத்தளத்துக்கு வந்த அதே பிரச்சினை அப்படியே வரும். ஓபன்சிவியின் வீடியோரைட்டரும் அப்படித்தான்: ஒரு எஃப்பிஎஸ் எண், அவ்வளவுதான். இன்னொன்றையும் கவனியுங்கள். திறக்கும்போது சொன்ன அளவும் எழுதும் ஃபிரேமின் அளவும் வேறாக இருந்தால், அது நிரலை நிறுத்தாமல் அந்த ஃபிரேமை மட்டும் விட்டுவிடும். கடைசியில் கையில் இருப்பது காலிக் கோப்பு.

மத்தளம்

மிக்க நன்றி. பஃபர் முத்திரைக்கு மாற்றியதும் இரண்டு தடமும் 60 நிமிடம் ஆகிவிட்டன. ஆனால் புதிதாக ஒரு பிழை. நடுநடுவே 'டிடிஎஸ் ஏறுவரிசையில் இல்லை' (டிடிஎஸ் என்பது டிகோட் செய்ய வேண்டிய நேரம்) என்று மக்ஸர், அதாவது படத்தையும் ஒலியையும் ஒரே கோப்பில் கோக்கும் பகுதி, கத்துகிறது, சில ஃபிரேம்களை எழுத மறுக்கிறது. நேரத்தை 30-ஆல் பெருக்கி, முழு எண்ணாக்கி, பிடிஎஸ் போடுகிறேன்.

நள்ளிரவு_நிரலி

டைம்பேஸ் இன்னும் 1/30 தானா? அங்கேதான் இடிக்கிறது. கேமரா சீராக 33.3 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை தராது. ஒன்று 36 இல் வரும், அடுத்தது 29 இல் வரும். 1/30 என்ற பெரிய கட்டங்களில் அவற்றை அடைத்தால் இரண்டு ஃபிரேம் ஒரே கட்டத்தில் விழும். ஒரே தடத்தில் இரண்டு பாக்கெட்டுக்கு ஒரே டிடிஎஸ் இருக்கக் கூடாது, அதனால் மக்ஸர் மறுக்கிறது.

டைம்பேஸை 1/90000 ஆக்குங்கள். எம்பெக் உலகில் பழைய எண் அது. டிரான்ஸ்போர்ட் ஸ்ட்ரீமில் பிடிஎஸ், டிடிஎஸ் இரண்டும் 90 கிலோஹெர்ட்ஸில்தான் ஓடுகின்றன. 24, 25, 30 எல்லாவற்றாலும் மீதியின்றி வகுபடும். 30000/1001 என்ற அமெரிக்க வீதத்துக்கும் ஒரு ஃபிரேம் சரியாக 3,003 டிக். என்கோடருக்கு ஃபிரேம்ரேட் என்ற தனிப் புலம் இருக்கிறது, அதில் மட்டும் 30 என்று விட்டுவிடுங்கள். பிட்ரேட் கணக்குக்கு அது வேண்டும்.

எந்த இடைவெளியையும் முழு எண்ணாக்கி விட்டுக் கூட்டிக்கொண்டே போகாதீர்கள். ஒரு ஃபிரேமுக்கு 33 மில்லிசெகண்ட் என்று கூட்டினால் ஒரு மணி நேரத்தில் 36 நொடி காணாமல் போகும். விண்டோஸில் வீடியோ கோப்பு எழுதும் சிங்க் ரைட்டரில் அலகு 100 நானோசெகண்ட், அங்கே 333,333 என்று கூட்டினாலும் மணிக்கு 3.6 மில்லிசெகண்ட் விலகும். அது கண்ணுக்குத் தெரியாதுதான், ஆனாலும் ஒவ்வொரு முறையும் தொடக்கத்திலிருந்து பெருக்கி வகுத்தால் பிழை சேராது.

புதுக்கணக்கு

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும், எனக்கும் கிட்டத்தட்ட இதே துறைதான். நான் எழுதும் 10 நிமிட அனிமேஷன் ஒரு நொடியில் ஓடி முடிந்துவிடுகிறது. ஒலி மட்டும் சரியாக 10 நிமிடம் வருகிறது. என்கோடரிலும் ஸ்ட்ரீமிலும் டைம்பேஸ் 1/30 என்றுதான் கொடுத்திருக்கிறேன்.

நள்ளிரவு_நிரலி

ஸ்ட்ரீமில் நீங்கள் கொடுப்பது ஒரு வேண்டுகோள் மட்டுமே. ஹெடர் எழுதும் அழைப்பு முடிந்த பிறகு அதே புலத்தைப் படித்துப் பாருங்கள். எம்பி4 மக்ஸர் 10,000-க்குக் குறைந்த அலகை ஏற்காது. 10,000-ஐத் தாண்டும்வரை இரண்டால் பெருக்கிக்கொண்டே போகும். 30 என்பது 15,360 ஆகிவிட்டிருக்கும், அதாவது 512 மடங்கு. நீங்கள் பழைய எண்களையே எழுதுவதால் படம் 512 மடங்கு வேகத்தில் ஓடுகிறது. 600 நொடியை 512-ஆல் வகுத்தால் 1.17 நொடி, நீங்கள் சொன்னதுதான். ஒலியின் 48,000 ஏற்கெனவே 10,000-க்கு மேல் இருப்பதால் அதை யாரும் தொடவில்லை.

ஒவ்வொரு பாக்கெட்டையும் எழுதும் முன் ரீஸ்கேல் செய்யும் அழைப்பைப் போடுங்கள்: என்கோடரின் டைம்பேஸிலிருந்து ஸ்ட்ரீமின் இப்போதைய டைம்பேஸுக்கு. அப்புறம், கடைசியில் என்கோடருக்கு வெற்று ஃபிரேம் அனுப்பி உள்ளே தேங்கியவற்றை வெளியே எடுக்கிறீர்களா? எச்.264 என்கோடர் முன்கூட்டிப் பார்ப்பதற்காகப் பல ஃபிரேம்களை வயிற்றுக்குள் வைத்திருக்கும். எடுக்காவிட்டால் படத்தின் வால் அறுந்துபோகும்.

புதுக்கணக்கு

ரீஸ்கேல் போட்டதும் சரியாகிவிட்டது. வாலும் அறுந்துதான் இருந்திருக்கிறது, நீங்கள் சொன்ன பிறகுதான் கவனித்தேன். நன்றி அக்கா.

மத்தளம்

1/90000-க்குப் பிறகு பிழைச்செய்தி நின்றது. இப்போது மிக நுணுக்கமான ஒன்று மிச்சம். ஒரு மணி நேரம் ஆனதும் இந்த முறை ஒலி முந்துகிறது. கை இன்னும் மோதவில்லை, தாளச் சத்தம் வந்துவிடுகிறது. அளந்து பார்த்தேன்: 3,600 நொடியில் 172,800,000 சாம்பிள் வர வேண்டும், வந்தது 172,792,800.

ஒலிப்பொறி

இப்படி எண்ணிச் சொன்னால் பதில் சொல்ல ஆசையாக இருக்கிறது. 7,200 சாம்பிள் குறைவு, அதாவது 150 மில்லிசெகண்ட். உங்கள் இன்டர்ஃபேஸ் தன்னை 48,000 என்று சொல்லிக்கொள்கிறது, மினி பிசியின் கடிகாரப்படி அது 47,998. கருவி பழுது என்று நினைக்க வேண்டாம். கருவிக்குள் ஒரு படிகம், பிசிக்குள் ஒரு படிகம், இரண்டும் ஒன்றையொன்று கேட்டு ஓடுவதில்லை. பத்து லட்சத்தில் சில பத்து பங்கு வித்தியாசம் சாதாரணம்.

ஆனால் 150 என்பது விடக்கூடிய அளவு அல்ல. பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியமான ஐடியு-வின் பிடி.1359 பரிந்துரைப்படி, ஒலி 45 மில்லிசெகண்ட் முந்தினாலே பார்ப்பவருக்குத் தெரிந்துவிடும். பிந்தினால் 125 வரை தெரியாது. தூரத்தில் நடப்பதன் சத்தம் பிந்தி வருவது நமக்குப் பழக்கம், முந்தி வருவது இயற்கையில் கிடையாது. அதிலும் நீங்கள் எடுப்பது கூத்து. தாளமும் மத்தளமும் அடியும் ஒன்றாகப் பூட்டியிருக்கும் கலை. ஆறு மணி நேரம் ஓடினால் 900 மில்லிசெகண்ட், ஒரு அடவே தள்ளிப் போய்விடும்.

என் கருத்து: ஒலியைத் தொடாதீர்கள். அதை எண்ணிக்கைப்படியே எழுதி, கோப்பின் கடிகாரமாக ஒலியையே வைத்துக்கொள்ளுங்கள். ஃபிரேமின் நேரத்தை 47,998/48,000-ஆல் பெருக்கி எழுதுங்கள். ஒரு ஃபிரேம் மணிக்கணக்கில் 150 மில்லிசெகண்ட் நகர்வதை எந்தக் கண்ணும் பார்க்காது.

அந்த விகிதத்தை நிரலே ஓடும்போது கணிக்க வேண்டும், கையால் எழுதிவைக்கக் கூடாது. வெப்பம் மாறினால் படிகமும் கொஞ்சம் மாறும். ஆனால் ஒவ்வொரு பஃபருக்கும் கணித்தால் எண் துள்ளும். ஒலி 1,024 சாம்பிள் துண்டுகளாக, அதாவது 21 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை வருகிறது, அந்த வருகையே சீராக இருக்காது. சில நிமிட நீளத்துக்கு நேர்கோடு பொருத்தி அதன் சாய்வை எடுங்கள்.

நள்ளிரவு_நிரலி

இங்கே நான் மாறுபடுகிறேன் அண்ணா. கோப்பின் கடிகாரமாகப் பிசியின் மோனோடோனிக் கடிகாரத்தை வைத்து, ஒலியைத்தான் மறுசாம்பிள் செய்ய வேண்டும். எஃப்எஃப்எம்பெக்கின் மறுசாம்பிள் லைப்ரரியில் இதற்கென்றே ஈடுசெய்யும் அழைப்பு இருக்கிறது. நாளை அவர் இரண்டாவது மைக் பெட்டியைச் சேர்த்தால் என்ன செய்வீர்கள்? அதன் படிகம் மூன்றாவது கடிகாரம். எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒன்று வேண்டும், அது ஒலிக்கருவியாக இருக்க முடியாது.

ஒலிப்பொறி

இரண்டு ஒலிக்கருவி என்றால் நீங்கள் சொல்வதுதான் வழி, மறுக்கவில்லை. ஒன்றே ஒன்று இருக்கும்போது, தொடாமல் விடக்கூடிய ஒலியை ஏன் தொட வேண்டும் என்பதுதான் என் கேள்வி. ஆர்மோனியமும் முகவீணையும் நீட்டிப் பிடிக்கும் சுரத்தின்மேல் ஈடுசெய்யும் அளவு அடிக்கடி கூடிக் குறைந்தால், நல்ல ஹெட்ஃபோனில் கேட்பவருக்கு உறுத்த வாய்ப்பு இருக்கிறது. இந்தப் பதிவை இருபது ஆண்டு கழித்து யாராவது இசைக்காகக் கேட்பார்கள். அவர்களுக்கு மைக் பிடித்த சாம்பிள் அப்படியே கிடைக்கட்டும்.

மத்தளத்துக்கு ஒரு எச்சரிக்கை. எண்ணிக்கையே நேரம் என்பது ஒரு சாம்பிள்கூடத் தொலையாத வரைதான் உண்மை. சிபியு மூச்சுத் திணறி நீங்கள் வாசிப்பதற்குள் லினக்ஸின் ஒலி அமைப்பான ஆல்சாவின் பஃபர் நிரம்பி வழிந்தால், வாசிக்கும் அழைப்பு பிழை திருப்பும். பலர் மீட்பு அழைப்பைப் போட்டுவிட்டு ஒன்றும் நடக்காததுபோல் தொடர்கிறார்கள். அந்த இடத்தில் போனது 80 மில்லிசெகண்ட் என்றால், அதற்குப் பிறகு வரும் இரவு முழுவதும் ஒலி 80 முந்தியே ஓடும். மோனோடோனிக் நேரத்தோடு ஒப்பிட்டு எவ்வளவு போயிற்று என்று கணக்கிட்டு, அத்தனை சாம்பிள் மௌனத்தை எழுதிவிட்டுத் தொடருங்கள். சாய்வுக் கணக்கையும் அங்கே புதிதாகத் தொடங்குங்கள்.

சின்னக்கடை

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். கைபேசியிலும் இதே வேலையைச் செய்கிறவர்கள் இருப்பீர்கள் என்பதால் இரண்டு விஷயம். ஐபோனில் வீடியோ கோப்பை எழுதும் ஏவிஅசெட்ரைட்டரின் அமர்வைப் பூச்சியத்தில் தொடங்க வேண்டாம். கேமரா தரும் நேரம் பூச்சியத்திலிருந்து வருவதில்லை, பெரிய எண்ணாக வரும். முதல் சாம்பிளின் நேரத்தையே அமர்வின் தொடக்கமாகக் கொடுங்கள், இல்லாவிட்டால் கோப்பின் முன்பகுதி நீண்ட வெறுமையாகக் கிடக்கும். உள்ளீடு தயாரா என்று ஒவ்வொரு முறையும் கேட்டுவிட்டுத்தான் சேர்க்க வேண்டும். கேட்காமல் சேர்த்தால் செயலி விழும்.

ஆண்ட்ராய்டில் மீடியாமக்ஸர் 4.3-இலிருந்து உண்டு. என்கோடர் 'வடிவம் மாறியது' என்று அறிவிக்கும் மட்டும் தடத்தைச் சேர்க்கக் கூடாது. படம், ஒலி இரண்டும் அறிவித்த பிறகுதான் தொடக்க அழைப்பு. கோடெக் அமைப்புக் கொடியோடு வரும் முதல் பஃபரை மக்ஸரில் எழுத வேண்டாம், அது தடத்தின் வடிவத்துக்குள்ளேயே போய்விட்டது. நேரம் மைக்ரோசெகண்டில் கேட்கும். சர்ஃபேஸ் (என்கோடருக்குப் படம் போகும் வழி) பக்கம் நானோசெகண்ட். ஆயிரத்தால் வகுக்க மறக்காதையுங்கோ.

மத்தளம்

ஒலிப்பொறி அண்ணா சொன்ன வழியில் போகிறேன், எனக்கு ஒரே இன்டர்ஃபேஸ்தான். இதற்கிடையில் நேற்று ஒரு பெரிய இழப்பு. பின்னிரவில் ஜெனரேட்டர் நின்றுவிட்டது. கோப்பு 3 ஜிபிக்கு மேல் இருக்கிறது, எந்தப் பிளேயரும் திறக்க மறுக்கிறது. துகிலுரிதல் முழுவதும் அதில்தான் இருக்கிறது. மீட்க முடியுமா?

கண்டெய்னர்காரர்

முடியும் என்று நினைக்கிறேன், அந்த வட்டில் எதையும் எழுதாமல் முதலில் ஒரு நகல் எடுங்கள்.

என்ன ஆயிற்று என்பதைச் சொல்கிறேன். சாதாரண எம்பி4-இல் உங்கள் பாக்கெட்டுகள் எல்லாம் எம்டேட் என்ற ஒரே பெரிய பெட்டிக்குள் வரிசையாகப் போகின்றன. எது படம், எது ஒலி, ஒவ்வொன்றும் எத்தனை பைட், எந்த நேரம் என்ற அட்டவணைகள் மூவ் என்ற இன்னொரு பெட்டியில். அந்த மூவ் பெட்டி, டிரெய்லர் எழுதும் அழைப்பின்போதுதான் வட்டுக்குப் போகிறது, அதுவரை ரேமில். மின்சாரம் போனதும் அட்டவணை போய்விட்டது. எச்.264-ஐத் திறக்கத் தேவையான அளவுருக்களும் அந்தப் பெட்டிக்குள்தான் இருந்தன. சாமான் எல்லாம் கிடங்கில் பத்திரம், பேரேடு எரிந்துவிட்டது.

உங்கள் நல்வாய்ப்பு, அதே நிரலால் அதே அமைப்பில் எடுத்த நல்ல கோப்புகள் கையில் இருக்கின்றன. அன்ட்ரங்க் என்ற கட்டற்ற கருவி அப்படி ஒரு நல்ல கோப்பை மாதிரியாக வைத்து, உடைந்ததைத் துருவி அட்டவணையை மறுபடி கட்டும். ஆனால் உங்கள் ஃபிரேம் இடைவெளி மாறிக்கொண்டே இருந்ததால், படத்தின் நேரங்கள் கருவியின் ஊகமாகத்தான் வரும். படத்தை ஒலியோடு பகுதி பகுதியாகக் கையால் பொருத்த வேண்டியிருக்கும்.

பாதரசம்

இனிமேல் எம்கேவி என்ற கோப்பு வடிவத்தில் எழுதுங்கள். கிளஸ்டர் கிளஸ்டராக நேரத்தோடு எழுதிக்கொண்டே போகும். எங்கே அறுந்தாலும் அதுவரை ஓடும், தாவிப் பார்ப்பதற்கான குறியீடு மட்டும்தான் இருக்காது. மறுநாள் காலை மறு என்கோடிங் இல்லாமல் எம்பி4 ஆக்கிக்கொள்ளலாம்.

கண்டெய்னர்காரர்

எம்கேவி நல்ல தேர்வு. ஒரே குறை, எஃப்எஃப்எம்பெக்கின் எம்கேவி மக்ஸர் நேரத்தை மில்லிசெகண்டாக உருட்டும். இந்த வேலைக்கு அது போதும், ஆனாலும் நான் துண்டு எம்பி4 பக்கம் சாய்வேன். வெற்று மூவ் ஒன்றை முதலிலேயே எழுதிவிட்டு, ஒவ்வொரு கீஃபிரேமிலும் (மற்றவற்றின் துணையின்றித் திறக்கக்கூடிய முழு ஃபிரேம்) மூஃப் (அந்தத் துண்டுக்கு மட்டுமான அட்டவணை)–எம்டேட் ஜோடியாகத் துண்டு போடும் கொடிகளைக் கொடுங்கள். 90,000 அப்படியே நிற்கும், மின்சாரம் போனால் கடைசித் துண்டு மட்டும் போகும். கீஃபிரேம் இடைவெளியை இரண்டு நொடி வையுங்கள். ஓபிஎஸ் என்ற பதிவு மென்பொருள்கூட 30.2 பதிப்பில் இந்த யோசனையை ஒட்டித்தான் கலப்பு எம்பி4 கொண்டுவந்தது: பதிவாகும்போது துண்டுகள், முடிக்கும்போது சாதாரண மூவ்.

ஆனால் உங்கள் அத்தியாயக் குறிகளை இதற்குள் நம்பி வைக்காதீர்கள். பொத்தான் அழுத்தியதும் ஒரு டெக்ஸ்ட் கோப்பில் நேரத்தை எழுதி உடனே ஃப்ளஷ் செய்யுங்கள். மறுநாள் சாதாரண எம்பி4 ஆக்கும்போது அதை அத்தியாயங்களாக உள்ளே சேர்க்கலாம். அதே சமயம் மூவ் பெட்டியைக் கோப்பின் முன்பக்கம் கொண்டுவரும் கொடியையும் போட்டால் இணையத்தில் ஏற்றியதும் உடனே ஓடத் தொடங்கும்.

ஒரு சிறிய கேள்வி. வட்டு என்ன ஃபார்மட்? ஃபேட்32 என்றால் 4 ஜிபியில் எழுத்து நின்றுவிடும். விடியும்வரை எடுக்கிறவருக்கு அது போதவே போதாது.

மத்தளம்

எஸ்டி அட்டை ஃபேட்32 தான். ஈஎக்ஸ்டி4-க்கு மாற்றிவிட்டேன்.

அன்ட்ரங்க் மூலம் துகிலுரிதல் ஏறக்குறைய முழுதாகக் கிடைத்துவிட்டது. ஒலி சுத்தமாக இருக்கிறது. படத்தைப் பகுதி பகுதியாகப் பொருத்திக்கொண்டிருக்கிறேன். அந்தக் குழுவின் ஆசிரியருக்கு வயதாகிவிட்டது, இன்னொரு முறை அவர் திரௌபதி கட்டுவாரா என்று தெரியாது. அதனால் இந்தக் கோப்பு கிடைத்ததற்கு உங்கள் எல்லோருக்கும் நன்றி சொல்ல எனக்கு வார்த்தை போதவில்லை.

நேற்றிரவு புதிய நிரலோடு முழுக் கூத்தும் எடுத்தேன். துண்டு எம்பி4, 1/90000, ஒலிக்கடிகாரம், சாய்வு பத்து நிமிட அளவுக்கு. நடு இரவில் ஒருமுறை ஆல்சா வழிந்தது, மௌனம் நிரப்பியது லாகில் பதிவாகியிருக்கிறது. விடியற்காலை மங்களப் பகுதியில் ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்திப் பார்த்தேன், தாளம் மோதும் ஃபிரேமிலேயே அலைவடிவம் எழுகிறது.

கேமராவில் ஃபிரேம்ரேட்டைத் தானாகக் குறைக்கும் அமைப்பை அணைத்துவிட்டால் 30 நிலையாக வருகிறது, ஆனால் படம் இருட்டி, புள்ளி புள்ளியாகத் தெரிகிறது. எதை விடுவது?

ஒலிப்பொறி

குறையட்டும், விடுங்கள். நேரமுத்திரை சரியாக இருக்கும்போது நொடிக்கு 20 ஃபிரேம் வந்தாலும் ஒத்திசைவு கெடாது. வேடக்காரரின் முகம் தெரிவதுதான் முக்கியம். முடிந்தால் விளக்கை இன்னும் ஒரு கம்பத்தில் கட்டச் சொல்லுங்கள்.